ஓடும்போது மாற்றத்தக்கது

சந்திரகலா எட்டு மாதம் உழைத்து ஒரு வேலையை ஒரே நொடியில் முடியும்படி செய்தாள். அந்த ஒரு நொடியை நாற்பத்தேழு நாளாக நீட்ட வாரியத்துக்கு இரண்டு கூட்டங்கள் போதுமானதாக இருந்தன.

வாரியம் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆம்புலன்ஸ் ஒருங்கிணைப்பு வாரியம். பன்னிரண்டு தொண்டு அமைப்புகளின் ஆம்புலன்ஸ்களுக்கு அழைப்பு வாங்கிப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பெட்டாலிங் ஜெயாவில் நான்கு மாடிக் கட்டடம். அழைப்பு எடுக்கும் ஒன்பது பேரும் தரைத்தளத்தில், கழிப்பறைக்கும் ஸ்டோர் அறைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே மூன்று மாடிகளில் இருந்தவர்கள் அந்த ஒன்பது பேரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்திரகலா கணினிப் பிரிவில் இருந்தாள். நாற்பத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தாள், காலையில் எல்.ஆர்.டி. ரயில் பிடித்து வேலைக்கு வருவாள். பிரிவில் மொத்தம் நான்கு பேர். மூன்று பேர் கூட்டங்களுக்குப் போவார்கள். வாரியத்தின் கணினி இயந்திரம் இருந்த அறையின் சாவி சந்திரகலாவிடம் இருந்தது.

அந்த ஒரே இயந்திரம் மூன்று வேலை செய்தது. ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்பை எடுத்து, முகவரியும் பக்கத்திலிருக்கும் வண்டியும் சேர்ந்த ஒரு கார்டாக்கித் திரையில் காட்டியது. பேசுவதை ஒலிப்பதிவு செய்தது. மேல்மாடி அதிகாரிகளுக்கு அறிக்கை தயாரித்தது. எந்த வேலைக்கு முதலில் முறை கொடுப்பது என்று தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அது இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருந்தது. வாரியத்தின் ஷெட்யூலர் பழையது. மூன்று வேலைகளும் சமம் என்று யாரோ என்றைக்கோ எழுதி மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறிக்கைக்கும் நெஞ்சுவலிக்கும் ஒரே மரியாதை. மேல்மாடியில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் அறிக்கை திறந்தால், கீழே கார்டு வர இருபது விநாடி ஆகும். அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் இயங்குதளத்தையே புதிதாகக் கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும்.

சந்திரகலா அந்த ஏற்பாட்டை வெளியே எடுத்து ஒரு சின்னப் பட்டியலாக வைத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். கிளினிக்கில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல, சின்ன எண் முதலில் போகும். எண்ணை மாற்றினால் அந்தக் கணமே நடைமுறைக்கு வரும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அழைப்பும் அறுபடாது. இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். அழைப்புக்கு ஒன்று என்று எண் போட அனுமதி கேட்டிருந்தாள்.

அனுமதிக்குப் பதிலாகத் தொடக்க விழா வைத்தார்கள்.

விழாவில் வாரியத் தலைவர் டத்தோ சிவகுருநாதன் பேசினார். டத்தோ என்பது அரசு தரும் பட்டம். இயந்திரத்துக்கு ஒரு மாலையும் சுவருக்கு ஒரு கல்வெட்டும் வந்திருந்தன. வாரியத்தில் பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் நடக்கும். அன்று அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“முன்பெல்லாம் ஒரு தவறான முடிவை எடுத்தால் அதை மாற்ற இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. எத்தனை மணி நேரம் நின்றது என்று எல்லோரும் கேட்டார்கள். இனிமேல் அந்தக் கவலை இல்லை. எந்த முடிவையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சேவை நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்கலாம். பொதுமக்களுக்குத் தெரியவே தெரியாது.”

பிறகு செயல்விளக்கம். சந்திரகலா ஓர் எண்ணை மாற்றினாள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பச் செய்யச் சொன்னார்கள். அதுவும் முடிந்துவிட்டது. நடைமுறைப் பிரிவின் செயலாளர் விஷ்ணுப்ரியா பக்கத்தில் வந்து, கொஞ்சம் மெதுவாக மாற்ற முடியுமா என்று கேட்டாள். முடியாது, அது அப்படித்தான் என்றாள் சந்திரகலா. கடைசியில் டத்தோ விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். படம் நன்றாக வந்தது. மாற்றிய எண்ணைப் பழையபடி வைத்துவிட்டுச் சந்திரகலா அறையைப் பூட்டினாள்.

மறு வாரம் விஷ்ணுப்ரியா அவளைக் கூப்பிட்டனுப்பினாள். விஷ்ணுப்ரியாவுக்கு முப்பது வயதிருக்கும். கெட்ட பெண் இல்லை. விதிப்புத்தகத்தில் பதினான்காம் விதியைக் காட்டினாள். இயங்கிக்கொண்டிருக்கும் சேவையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அதில் இருந்தது.

“ஓடும்போது மாத்துறதுக்குத்தானேம்மா எட்டு மாசம் செஞ்சேன்” என்றாள் சந்திரகலா.

“தெரியும்கா. ஆனா ஓடும்போது மாத்தக் கூடாதுன்னு இருக்கே. இந்த ரூல் நான் ஸ்கூல்ல படிக்கிறப்பவே இருந்துச்சுலா. நான் என்னா பண்றது?”

இரண்டாவது கூட்டத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். பதினெட்டுப் பக்கத்தில் ஒரு நடைமுறை வந்தது. ‘ஓடும்போது மாற்றத்தக்க அமைப்பை நிறுத்திவைத்து மாற்றுவதற்கான வழிகாட்டி’ என்று அதற்குப் பெயர். படிவம் கொடுத்த நாளிலிருந்து நாற்பத்தேழு நாள். ஏழு கையெழுத்து. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுவரை இயந்திரத்தை நிறுத்தி, எண்ணை மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். முந்தைய முறையில் நிறுத்துவது நாற்பது நிமிடம்தான் என்று சந்திரகலா சொன்னாள். அது அவளுடைய முயற்சியைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்று துணைத்தலைவர் பதில் சொன்னார்.

எந்த வேலைக்கு என்ன எண் என்பதற்குத் தனிக் கூட்டம் நடந்தது. அங்கே டத்தோ சிவகுருநாதன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

“எண் என்பது மரியாதை. நான் கிரேடு ஐம்பத்து நாலு. கீழே போன் எடுப்பவர்கள் கிரேடு பத்தொன்பது. என் அறிக்கைக்கும் அவர்கள் போனுக்கும் கண்டபடி எண் கொடுத்தால், நாளைக்கு இந்தக் கட்டடத்தில் யார் யாரைப் பார்த்து எழுந்து நிற்பார்கள்?”

அதனால் அவரவர் கிரேடே எண்ணாகத் தீர்மானமானது. அழைப்பு பத்தொன்பது. ஒலிப்பதிவு இருபத்தொன்பது. அறிக்கை ஐம்பத்து நான்கு. சந்திரகலா கையைத் தூக்கினாள். தொழில்நுட்பக் கேள்விகள் கடைசியில் என்றார்கள். அவள் கையை இறக்கினாள். அப்போதுதான் அந்த மூன்று எண்களையும் ஒருமுறை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தாள். சின்ன எண் முதலில். அவள் கேட்டிருந்த வரிசையே அதுதான்.

கடைசியில் கறிபாப் பலகாரமும் தேநீரும் வந்தன. விஷ்ணுப்ரியா, ஏதோ கேட்க வந்தீங்களே அக்கா என்றாள். ஒன்றுமில்லை என்றாள் சந்திரகலா. ரயிலில் வீட்டுக்குப் போகும்போது சந்தோஷமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடக்கும்போது அந்தச் சந்தோஷம் சரியில்லை என்று பட்டது. ஒரு நல்ல காரியம் யாருக்கும் புரியாததால் நடக்கிறது. புரிந்த அன்றைக்கு என்ன ஆகும் என்று யோசித்தாள். இரண்டு பக்கக் குறிப்பை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

குறித்த செவ்வாயன்று ஒரு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தினார்கள். தரைத்தளத்தில் அழைப்பு எடுக்கும் மார்க்கிரட்டும் மற்றவர்களும் பதினான்கு அழைப்புகளைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி, டிரைவர்களின் கைத்தொலைபேசிக்குக் கூப்பிட்டுச் சமாளித்தார்கள். தெய்வாதீனமாக அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ‘மாற்றத்தின்போது சேவையில் எந்தப் பாதிப்பும் இல்லை; ஏனெனில் அந்நேரத்தில் சேவை இல்லை’ என்று அறிக்கை எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் எல்லாம் அருமையாக நடந்தது.

மார்க்கிரட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக அழைப்பு எடுப்பவர். ஒருநாள் கேன்டீனில் சந்திரகலாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“என்னா செஞ்ச நீ? முன்னெல்லாம் நான் அட்ரஸ கேட்டுட்டு, ‘பயப்படாதீங்க, பயப்படாதீங்க’ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருப்பேன். இப்ப பயப்படாதீங்கன்னு சொல்றதுக்குள்ள வண்டி கெளம்பிருது.”

சந்திரகலா சிரித்தாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள நினைத்து, கேட்காமல் விட்டாள்.

வாரியத்துக்குத் தரச்சான்றிதழ் கிடைத்தது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டில் டத்தோ ‘கிரேடு வழி முன்னுரிமைக் கொள்கை’ என்று முக்கால் மணி நேரம் பேசினார். பதவியை மதிக்கக் கற்றுக்கொண்ட இயந்திரம் தானாகவே வேகமாக வேலை செய்யும் என்பது அதன் சாரம். வேறு மாநிலங்களிலிருந்து வந்திருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவருடைய சொந்தத் திரை மெதுவாகிக்கொண்டு வந்தது. அழைப்பு அதிகமுள்ள காலை நேரத்தில் அறிக்கை திறக்க மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஆனது. ரஞ்சன் என்ற ஆலோசகரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். ரஞ்சன் மூன்று வாரம் இருந்து தொண்ணூறு பக்கம் எழுதினார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி: இந்த அமைப்பில் சிறிய எண்ணே முதலில் செல்லும்.

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் அவர் சந்திரகலாவின் மேசைக்கு வந்தார். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“என் பேப்பர்ல ரெண்டாம் பக்கத்துல இருக்கு, பாஸ்.”

ரஞ்சன் தன் அறிக்கையைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் திறந்தார். அந்த வரியை எடுத்துவிட முடியாது, அதற்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். நல்ல மனிதர்தான். போகும்போது மன்னிப்பும் கேட்டார்.

டத்தோ சிவகுருநாதன் அவளை அறைக்கு அழைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். அவரோ உண்மையாகவே புண்பட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தன் அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்ததையும், அவர் நுழைந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும் என்பதையும் சொன்னார். “ஒன்பது வாரம் நான் வரிசையில் கடைசியில் நின்றிருக்கிறேன்” என்றார். “கட்டடத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.”

சந்திரகலா அழைப்பு முதலில் போக வேண்டியதன் அவசியத்தைப் பொறுமையாக விளக்கினாள். எதிர்முனையில் இருப்பவர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டார்.

“அழைப்பு தினமும் வரும், போகும்” என்றார் பிறகு. “அறிக்கை இல்லாவிட்டால் அது வந்தது என்பதற்கு என்ன சாட்சி?”

அன்றே அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ஒன்று, தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததற்கு. இன்னொன்று, சொல்லிவிட்டதாக இப்போது வாதாடுவதற்கு. இனி அனுமதியில்லாமல் ஓர் எண்ணைத் தொட்டால் வேலை போய்விடும் என்று இரண்டிலும் இருந்தது. எண்களை இடம் மாற்றும்படி உத்தரவு: அறிக்கைக்குப் பத்தொன்பது, அழைப்புக்கு ஐம்பத்து நான்கு. ஆட்சேபம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆட்சேபிக்க அவளுடைய கிரேடு போதாது என்று படிவம் திரும்பி வந்தது.

நாற்பத்தேழு நாள் ஆகுமே, அதற்குள் ஏதாவது செய்யலாம் என்று அவள் நம்பியிருந்தாள். விஷ்ணுப்ரியா பிற்பகலிலேயே ஏழு கையெழுத்துகளோடு வந்து நின்றாள். பதினான்காம் விதி என்னவாயிற்று என்று சந்திரகலா கேட்டாள். டத்தோவின் திரை சேவை அல்ல, நிர்வாகம். நிர்வாகத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டதாம். இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டாம். சொல்லும்போது விஷ்ணுப்ரியா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்களை மாற்றியவள் சந்திரகலாதான். ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் செய்து வைத்தது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அடுத்த வியாழக்கிழமை, கொள்கையை நேரில் பார்க்க வெளிமாநிலத்திலிருந்து பன்னிரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மூன்றாம் மாடி மண்டபத்தில் ஆளுக்கொரு திரை கொடுத்திருந்தார்கள். பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பன்னிரண்டு பேரும் பத்து வருட அறிக்கையை ஒன்றாகத் திறந்தார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. கை தட்டினார்கள். கீழே ஒன்பது திரைகளிலும் கார்டுகள் நின்றுபோயின.

பத்து இருபத்திரண்டுக்குக் கிள்ளானிலிருந்து புஷ்பவல்லி என்ற அம்மாள் அழைத்தார். மார்க்கிரட் எடுத்தார். புஷ்பவல்லியின் கணவர் பக்கிரிசாமி துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. காலைப் பசியாறிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுவிட்டது. கை தூக்க வரவில்லை. புஷ்பவல்லி தாமான் குடியிருப்பின் பெயரையும் லோரோங் சந்தின் எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னார். மார்க்கிரட் தட்டினார். திரை சாம்பல் நிறமாக நின்றது. எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று அது சொன்னால்தான் அனுப்ப முடியும். இன்னொரு தடவை முகவரியைக் கேட்டார். இன்னொரு தடவை.

சந்திரகலா கீழே இறங்கி வந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓர் எண். இயந்திர அறை இருபது எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. சாவி கழுத்தில் தொங்கியது. அவளுக்கு அந்த இரண்டு கடிதங்களும் நினைவுக்கு வந்தன. வீட்டுத் தவணையும், நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு வேலை தேடுவதும் நினைவுக்கு வந்தன. அவள் அனுமதி வாங்கப் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

மண்டப வாசலில் விஷ்ணுப்ரியா நின்றிருந்தாள். டத்தோவின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றாள். டத்தோ பேசிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. சந்திரகலா அங்கே நின்றபடி அவர் பேச்சைக் கேட்டாள். எங்கள் அமைப்பில் எதுவும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தன் இடம் தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விஷ்ணுப்ரியா இரண்டு தடவை உள்ளே துண்டுச் சீட்டு அனுப்பினாள். அவர் அதைப் பார்த்துப் புன்னகைத்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு நிமிடம்.

அவர் வெளியே வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். விருந்தினர் தேநீருக்குப் போனதும் பார்க்கலாம் என்றார். சந்திரகலா கீழே இறங்கினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மார்க்கிரட் தன் சொந்தத் தொலைபேசியில் மூன்றாவது டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு பேரும் வேறு நோயாளிகளோடு இருந்தார்கள். மூன்றாமவர் காப்பார் சாலையில் சும்மா நின்றிருந்தார். ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் நின்றிருந்தார். மண்டபத்தில் தேநீர் வந்தது, திரைகளை மூடினார்கள், கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

பக்கிரிசாமி பிழைத்துக்கொண்டார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக டிரைவர் வந்து சொன்னார்.

வாரியம் விசாரணை நடத்தியது. அந்த நேரத்தில் அந்த அழைப்புக்குக் கார்டு உண்டாகவில்லை. கார்டு இல்லையென்றால் அழைப்பு பதிவாகவில்லை. பதிவாகாத அழைப்புக்குத் தாமதம் இருக்க முடியாது. ஆகவே வாரியத்தின் சராசரி பாதிக்கப்படவில்லை என்று குழு திருப்தி தெரிவித்தது. பணி நேரத்தில் சொந்தத் தொலைபேசியைப் பயன்படுத்தியதற்காக மார்க்கிரட்டிடம் விளக்கம் கேட்டார்கள். பதற்றத்தில் இருக்கும் பொதுமக்கள் முகவரியைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது மூலகாரணமாகக் கண்டறியப்பட்டு, ‘நிதானமாகப் பேசுங்கள், உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்று மூன்று மொழிகளில் துண்டறிக்கை அச்சாயிற்று.

சந்திரகலா தன் வாக்குமூலத்தில் ஒரு நொடி வேலைக்காகப் பதினோரு நிமிடம் கதவருகில் நின்றதாக எழுதியிருந்தாள். படிவத்தில் காத்திருந்த காலத்தை வேலை நாள் கணக்கில்தான் போட முடியும். சுழியம் நாள் என்று பதிந்தார்கள்.

அதை அவள் படித்தது ஒரு திங்கட்கிழமை பிற்பகல். படித்து முடித்துவிட்டு எழுந்து இயந்திர அறைக்குப் போனாள். அழைப்பின் எண்ணை ஒன்று என்று மாற்றினாள். இதை அந்த வியாழக்கிழமையே ஏன் செய்யவில்லை என்று அவளுக்கு அவள்மேலேயே கசப்பு வந்தது. பிறகு முறைப்படி படிவம் எடுத்தாள். என்ன மாற்றப்பட்டது என்ற இடத்தில் எண்ணை எழுதினாள். அனுமதித்தவர் யார் என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தாள். விஷ்ணுப்ரியா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, பெற்றுக்கொண்டேன் என்று முத்திரை குத்தினாள்.

ஒரு மணி நேரத்துக்குள் சந்திரகலாவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலை போகும் என்பது உறுதி. விசாரணை முடிய வேண்டியதுதான் பாக்கி.

எண்ணைத் திரும்ப மாற்றத்தான் வாரியத்தால் முடியவில்லை. மாற்ற வேண்டியது இந்த முறை அழைப்பின் எண் மட்டும்தான்; டத்தோவின் திரை அதில் இல்லை. அழைப்பு நிர்வாகம் அல்ல, சேவை. பதினான்காம் விதிப்படி இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். கிள்ளான் சமாசாரத்துக்குப் பிறகு, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட ஏழு பேரில் ஒருவரும் முன்வரவில்லை. ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் போட்டபின் போடுவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு இரண்டாவது செவ்வாயும் அது கூட்டத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஒத்திவைக்கப்பட்டது. டத்தோவுக்கு அறிக்கையைக் காகிதத்தில் அச்சடித்து ஓர் அதிகாரி எடுத்துப்போய் எழுந்து நின்று கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

இதையெல்லாம் மார்க்கிரட் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னார். கிள்ளான் முகவரியையும் அவர்தான் கொடுத்தார்.

சந்திரகலா கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். முதல் இரண்டு முறையும் தான் யார் என்று சொல்லவில்லை. புஷ்பவல்லி அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, கணவரின் கையை எப்படிப் பிடித்து மடக்க வேண்டும் என்றெல்லாம் சந்தேகம் கேட்டார். சந்திரகலா தெரியாது என்று சொல்லாமல், தெரிந்தவரைக் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது முறை போனபோது கூடத்தில் நாற்காலியில் பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். புஷ்பவல்லி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். குளிர்பெட்டிக் கதவில் வாரியத்தின் துண்டறிக்கை காந்த வில்லையால் ஒட்டப்பட்டிருந்தது.

சந்திரகலா எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணை மாற்றியதும் தான்தான், மாடியில் நின்றதும் தான்தான் என்று சொன்னாள். புஷ்பவல்லி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். கணவரின் வாயைத் துண்டால் துடைத்தார். சந்திரகலா அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

“அந்தம்மா மூணு தடவ அட்ரஸ் கேட்டாங்க” என்றார் புஷ்பவல்லி. “நான் மூணு தடவயும் சொன்னேன். சரியா சொல்லலையோ, பதட்டத்துல நம்பர மாத்திச் சொல்லிட்டேனோன்னு நாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். எம்மவன்கூட கேட்டான், நீ என்னாம்மா சொன்னேன்னு.”

“நீங்க சரியாத்தான்கா சொன்னீங்க. மொத தடவையே சரியா சொன்னீங்க. மார்க்கிரட் அக்கா எழுதி வெச்சிருக்காங்க.”

“அத எழுதித் தருவியா?”

சந்திரகலாவின் கைப்பையில் காகிதம் இல்லை. புஷ்பவல்லி உள்ளே போய் ஒரு பழைய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். அதன் வெள்ளைப் பின்புறத்தில் சந்திரகலா தேதியையும் நேரத்தையும், வீட்டு எண்ணோடு முகவரியையும் எழுதினாள். புஷ்பவல்லி முகவரியை முதல் முறையே சரியாகவும் தெளிவாகவும் சொன்னார், தாமதம் எங்களுடையது என்று எழுதினாள். ‘எங்களுடையது’ என்பதை அடித்துவிட்டு ‘என்னுடையதும் வாரியத்துடையதும்’ என்று திருத்தினாள். கையெழுத்துப் போட்டு, கீழே முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கொடுத்தாள்.

புஷ்பவல்லி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். அவளுக்கு நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. சந்திரகலா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். உள்ளே புஷ்பவல்லி நாற்காலியைக் கணவரின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டும் குரல் கேட்டது. வீட்டு எண் வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.